தாளில் விளையும் கழனி

நாள்தோறும் நம் கையில் புரளும் பொருள்களுள் காகிதமும் ஒன்று. அதில் எழுதுகின்றோம், அதைப் படிக்கின்றோம், அதில் பொட்டலம் கட்டுகின்றோம், பயன் முடிந்ததும் கசக்கி எறிகின்றோம். அதே காகிதத்தை மடித்தும் வெட்டியும் ஒட்டியும் உயிருள்ள காட்சிகளை உண்டாக்க முடியும் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. காவிரி பாயும் தஞ்சை வளநாட்டின் வயலும் வாய்க்காலும், பயிரும் பறவையும், நம் இளமை நினைவுகளும் காகிதத்தில் எவ்வாறு உருப்பெறலாம் என்பதையும், அம்முயற்சியால் நாம் அடையும் பயன் யாது என்பதையும் பற்றி இன்று சில கூற விரும்புகின்றேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். காகிதம் என்னும் சொல் பாரசீக, அரபு மொழிகளின் வழியே நம்மிடம் வந்தது. கடுதாசி என்பது போர்த்துகீசியர் விட்டுச் சென்ற சொல். பொருள் வெளியிலிருந்து வந்தபொழுது பெயரும் அதனோடு வந்தது இயல்பே. ஆயினும் தமிழர் அப்பொருளுக்குத் தம் பழஞ்சொற்களையும் சூட்டிக்கொண்டனர். ஏடு என்றனர், இதழ் என்றனர், மடல் என்றனர், தாள் என்றனர். இவை யாவும் மரஞ்செடிகளின் உறுப்புகளைக் குறிக்கும் பெயர்கள் அல்லவா? ஏடும் இதழும் பூவுக்கு உரியவை. மடல் பனைக்கும் தாழைக்கும் வாழைக்கும் உரியது. தாள் என்பது நெற்பயிரின் தண்டு. அறுவடை முடிந்த வயலில் அடித்தாள் நிற்கிறது என்று தஞ்சை உழவர் இன்றும் கூறுவர். நாம் எழுதும் தாளும் வயலில் நிற்கும் தாளும் தமிழில் ஒரே சொல்லாக நிற்கின்றன.

இது வெறுஞ்சொல் ஒப்புமை அன்று, பொருளிலும் உண்மை. காகிதம் என்பது செடியின் நாரே ஆகும். கி.பி. 105ஆம் ஆண்டில் சீன அரண்மனை அலுவலர் சாய் லுன் என்பவர் மரப்பட்டை, சணல், கந்தைத் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றைக் கூழாக்கிக் காகிதம் செய்யும் முறையை அரசரிடம் அறிவித்தார் என்று சீன வரலாறு கூறும். அன்று தொட்டு இன்றுவரை அடிப்படை முறை மாறவில்லை. நாரைக் கூழாக்கி, நீரில் கலந்து, சல்லடையில் படியவிட்டு, அழுத்தி உலர்த்தினால் காகிதம். நம் காவிரிக் கரையிலேயே, கரூரை அடுத்த காகிதபுரத்தில், 1979இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை, கரும்பைப் பிழிந்தபின் எஞ்சும் சக்கையிலிருந்து காகிதம் செய்கின்றது. உங்கள் குறிப்பேட்டின் ஒரு பக்கம் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டத்தில் காற்றுக்கு அசைந்த தண்டாக இருந்திருக்கக்கூடும். செடியிலிருந்து வந்த பொருளை மீண்டும் செடியாகவும் பூவாகவும் பறவையாகவும் ஆக்குவதே காகிதக் கலை.

காகிதம் வருவதற்கு முன் நம் நாட்டுச் சிறுவர் எதை மடித்தனர்? இலையை மடித்தனர். தென்னங்கீற்றின் ஓலையைக் கிழித்துக் கைக்கடிகாரம் பின்னினர், பாம்பு பின்னினர், கிளி பின்னினர். பனையோலையில் காற்றாடியும் கிலுகிலுப்பையும் செய்தனர். பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதினர். இவ்விளையாட்டுகள் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. உங்களில் சிலர் செய்திருப்பீர்கள். சிலர் உங்கள் தாத்தா பாட்டியர் செய்து தரக் கண்டிருப்பீர்கள்.

இலையே அச்சிறுவர்க்கு ஆசானாக இருந்து ஒரு பாடம் கற்பித்தது. தென்னை, பனை, வாழை, கரும்பு, நெல் ஆகியவற்றின் இலைகளில் நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. ஆதலால் அவ்விலைகள் நரம்பின் போக்கில் நேராகக் கிழியும். பூவரசு, அரசு, ஆல் ஆகியவற்றின் இலைகளில் நரம்புகள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. அவை நேராகக் கிழியமாட்டா. ஆனால் சுருட்டுவதற்கு நன்கு இசையும். ஆகவே பின்னுவதற்குத் தென்னையும், ஊதுவதற்குப் பூவரசும் என்று சிறுவர் தேர்ந்துகொண்டனர். இதைப் பள்ளியில் தாவர நூல் படிப்பதற்கு முன்பே அவர்களுடைய விரல்கள் அறிந்திருந்தன.

காகிதத்திற்கும் இத்தகைய நாரோட்டம் உண்டு. ஆலையில் காகிதம் ஓடும் திசையில் நார்கள் பெரும்பாலும் படிந்து விடுகின்றன. ஒரு பழைய செய்தித்தாளை எடுத்து மேலிருந்து கீழாக ஒரு முறையும், இடமிருந்து வலமாக ஒரு முறையும் கிழித்துப் பாருங்கள். ஒரு திசையில் நேராகக் கிழியும். மற்றொரு திசையில் கோணிக்கொண்டு ஓடும். நாரோட்டத்தோடு மடித்தால் மடிப்பு கூர்மையாக விழும். எதிராக மடித்தால் காகிதம் முரண்டும். காகிதக் கலையில் புகுவோர் முதலில் அறிய வேண்டியது இதுவே.

இதனை நம் வயல்களில் நாள்தோறும் செய்து காட்டும் கலைஞன் ஒருவன் இருக்கின்றான். அவன்தான் தூக்கணாங்குருவி. ஆண்குருவி நெல்லின் இலையோரத்தில் அலகால் சிறு வெட்டு வைக்கின்றது. பிறகு அதைப் பற்றி இழுத்து நீண்ட நாராகக் கிழித்தெடுக்கின்றது. நரம்பு நேராக ஓடுவதால் நாரும் நேராக வருகின்றது. அந்நார்களைப் பனையோலையின் நுனியிலோ முள்மரக் கிளையிலோ முடிந்து, தொங்கும் கூட்டைப் பின்னுகின்றது. கூடு பாதி முடிந்து தலைக்கவசம்போல் தொங்கும் நிலையில் பெண்குருவி வந்து பார்க்கின்றது. அதற்குப் பிடித்திருந்தால்தான் நுழைவாயிற் குழல் முதலிய எஞ்சிய வேலைகள் நடைபெறும்.

மடிப்புக் கலையையும் செடிகளே நமக்குக் கற்பிக்கின்றன. பனங்குருத்து விசிறிபோல் மடிப்பு மடிப்பாக அடங்கி வெளிவருகின்றது. வாழைக்குருத்து குழல்போல் சுருண்டு எழுகின்றது. இளந்தாமரை இலை இரு ஓரங்களும் உள்நோக்கிச் சுருண்டபடி நீருக்கு மேல் தலை நீட்டுகின்றது. பெரிய இலையைச் சிறிய இடத்தில் அடக்கி வைத்து, வேண்டும்பொழுது கிழியாமல் விரிப்பது எப்படி என்னும் வினாவிற்கு ஒவ்வொன்றும் ஒரு விடை தருகின்றது. கோரியோ மியூரா என்னும் ஜப்பானிய விண்வெளி அறிஞரும் 1970இல் இதே வினாவைக் கேட்டுத் தனி மடிப்பு முறை ஒன்றை வகுத்தார். இரண்டு எதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தால் முழுத்தாளும் ஒரே அசைவில் விரியும். தள்ளினால் ஒரே அசைவில் அடங்கும். 1995இல் ஜப்பானியர் விண்ணில் செலுத்திய கலம் ஒன்றில் சூரிய ஒளித் தகடுகளை விரிக்கும் சோதனைக்கு இம்மடிப்பு பயன்பட்டது. ஆகவே காகிதம் மடிப்பதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று எவரேனும் இகழ்ந்தால் நீங்கள் தயங்காமல் விடை கூறலாம்.

இனி, தஞ்சைக்கே உரிய ஒரு கலைக்கு வருவோம். அது நெட்டி வேலை. நெட்டி என்பது ஏரி, குளம், பள்ளம் ஆகிய நீர்நிலைகளில் வளரும் செடி. அதன் தண்டை வெட்டி வெயிலில் உலர்த்தி மேற்பட்டையை நீக்கினால், உள்ளே பால்போல் வெண்மையான மென்மையான சோறு கிடைக்கும். தக்கையைப் போல் எடையற்றது. வெள்ளையர் வெயிலுக்கு அணிந்த சோலாத் தொப்பி இவ்வகை நெட்டியால் ஆனதே. தஞ்சைக் கலைஞர் கூரிய கத்தியால் நெட்டியை மெல்லிய தகடுகளாகச் சீவி, சிறு சிறு துண்டுகளாக்கி, ஒட்டி, பெரிய கோயிலின் விமானத்தை ஒவ்வொரு நிலையும் தெரியும்படி செய்கின்றனர். பார்ப்பவர் தந்தத்தில் செதுக்கியதோ என்று மயங்குவர். 2020ஆம் ஆண்டில் தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது.

நெட்டிக்கும் காகிதத்திற்கும் உறவு உண்டு. சீனத்தில் வேறொரு செடியின் உட்சோற்றைக் கத்தியின்மேல் உருட்டிச் சீவி, தொடர்ந்த மெல்லிய தாளாக எடுப்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காண்டன் நகரத்து ஓவியர் அத்தாளில் பூவும் பறவையும் தீட்டி மேல்நாட்டார்க்கு விற்றனர். வாங்கியவர்கள் அதை அரிசித்தாள் என்று அழைத்தனர். அதில் ஓர் அரிசியும் இல்லை. நெல் விளையும் நம் நாட்டிலோ, நெட்டியை நாம் உழவின் விழாவோடு இணைத்தோம். மாட்டுப் பொங்கலன்று காளைகளின் கழுத்தில் சூட்டுவதற்கு வண்ணமேற்றிய நெட்டி மாலைகளைச் செய்யும் குடும்பங்கள் டெல்டா மாவட்டங்களில் உள்ளன. பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாகத் தெருவில் குவிந்து கிடக்கும் அம்மாலைகளைக் கண்டவர்க்குப் பொங்கல் என்றவுடன் அவ்வண்ணங்களே கண்முன் நிற்கும்.

இதுவரை பொருளைப் பற்றிச் சொன்னேன். இனிச் சொல்லப்போவதே என் உரையின் நடுவான கருத்து. காகிதக் கலைக்குக் கைத்திறன் வேண்டும், நல்ல கத்தரிக்கோல் வேண்டும், பொறுமை வேண்டும். இவை எல்லாவற்றிற்கும் முன்னே கண் வேண்டும். கண்டதைத்தான் கை செய்யும். காணாததைக் கை செய்யப் புகுந்தால், பிறர் கண்டதையே அது திரும்பச் செய்யும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்குகின்றேன். ஜப்பானியர் சதுரத் தாளை மடித்துச் செய்யும் பறவை உலகமெங்கும் புகழ்பெற்றது. இரோசிமா நகரில் வீசப்பட்ட அணுகுண்டின் கதிர்வீச்சால் நோயுற்று 1955இல் தன் 12ஆம் வயதில் மறைந்த சடாகோ சசாகி என்னும் சிறுமி மருத்துவமனைப் படுக்கையில் மடித்த பறவை அதுவே. அன்று முதல் அது அமைதியின் சின்னமாயிற்று. நம் பள்ளிகளிலும் அதைக் கற்பிக்கின்றனர். கொக்கு என்று பெயர் சொல்கின்றனர். பிள்ளைகள் அதை நூலில் கட்டி வகுப்பறையில் தொங்கவிடுகின்றனர். நன்று. ஆனால் அது நம் வயலில் பறக்கும் கொக்குதானா?

மாலை வேளையில் வயல்வெளிக்குச் சென்று, கூட்டுக்குத் திரும்பும் வெண்கொக்குகளை அண்ணாந்து பாருங்கள். பறக்கும்பொழுது கொக்கு தன் நீண்ட கழுத்தை மடித்துத் தலையைத் தோள்களுக்கிடையே இழுத்துக்கொள்கின்றது. கழுத்து முன்னே நீள்வதில்லை. மார்புக்குக் கீழே சிறிது புடைத்துத் தோன்றுகின்றது. கால்கள் இரண்டும் வாலுக்குப் பின்னே நீண்டு கிடக்கின்றன. கொக்கினத்தின் கழுத்தெலும்புகளுள் ஆறாவது எலும்பின் தனி அமைப்பினாலேயே கழுத்து இவ்வாறு வளைந்து மடிகின்றது. ஜப்பானியர் மடிக்கும் பறவையோ வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. வடஇந்திய வயல்களில் வாழும் சாரசப் பறவைக்கு உறவினது. அது பறக்கும்பொழுது கழுத்தை நேரே நீட்டிப் பறக்கும். ஆகவே அவர்களுடைய காகிதப் பறவைக்கும் கழுத்து நீண்டிருக்கின்றது. அவர்கள் தம் பறவையைச் சரியாகவே கண்டனர், சரியாகவே மடித்தனர். நாமோ நம் பறவையைக் காணாமல் அவர்களுடைய மடிப்பிற்கு நம் பறவையின் பெயரை இட்டோம்.

இதைத் திருத்துவது கடினம் அன்று. ஜப்பானியப் பறவையை மடித்தபின், நீண்டு நிற்கும் கழுத்து முனையைப் பாதியில் பின்னோக்கி மடியுங்கள். பிறகு அதன் நுனியை மீண்டும் முன்னோக்கி மடியுங்கள். தலை தோள்களுக்கிடையே வந்து அமரும். அலகு மட்டும் முன்னே நீட்டி நிற்கும். பின்புறம் நீண்ட மெல்லிய வால் முனை இருக்கின்றதே, அதனைக் கீழ்நோக்கிச் சிறிது தாழ்த்தினால் அதுவே பின்னே நீண்ட கால்களாகிவிடும். இரண்டே மடிப்புகளில் நம் வயற்கொக்கு பிறந்துவிடும். அவ்விரண்டு மடிப்புகளை எந்த நூலும் தரவில்லை. வானத்தை நோக்கிய கண் தந்தது.

நத்தைக்குத்தி நாரையை எடுத்துக்கொள்ளுங்கள். நெல்வயல்களிலும் குளங்களிலும் நத்தையைத் தேடித் தின்னும் இப்பறவை பறக்கும்பொழுது கழுத்தை நீட்டியே பறக்கும். ஆகவே இதற்குப் பழைய மடிப்பே பொருந்தும். ஆனால் வளர்ந்த நாரையின் இரண்டு அலகுகளும் முழுவதும் மூடுவதில்லை. நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். காகித அலகின் நடுவில் நெல்மணி அளவிற்கு ஒரு துண்டு வெட்டி எடுத்தால் போதும். பார்ப்பவர் உடனே இன்ன பறவை என்று கூறிவிடுவர். குஞ்சு நாரைக்கு அவ்விடைவெளி இல்லை என்பதையும் கண்டறிந்தவர், தாயையும் குஞ்சையும் அருகருகே செய்து காட்டலாம்.

மடையானைக் கண்டிருக்கிறீர்களா? வாய்க்கால் மடையருகே மண்ணின் நிறத்தோடு மண்ணாக அசையாமல் நிற்கும். நாம் மிக அருகே சென்றவுடன் திடுமென எழும். எழும்பொழுது வெள்ளைச் சிறகுகள் பளிச்சென்று விரியும். இதைச் செய்ய ஒரு புறம் பழுப்பும் மறுபுறம் வெண்மையுமான தாளைத் தேர்ந்தெடுங்கள். பழுப்பு வெளியே தெரியும்படி மடியுங்கள். சிறகை விரித்தால் உள்ளிருக்கும் வெண்மை தோன்றும். வண்ணம் எதுவும் பூசாமலே மடையானின் இயல்பு முழுவதும் அத்தாளில் வந்துவிடும்.

தட்டான்பூச்சி உட்காரும்பொழுதும் சிறகுகளை விரித்தே வைத்திருக்கும். அதனினும் மெலிந்த ஊசித்தட்டான்களோ பெரும்பாலும் சிறகுகளை உடலோடு சேர்த்து மடித்துக்கொள்ளும். ஒரே குளத்தங்கரையில் இரண்டும் இருக்கும். கண்டவர்க்கு இரண்டு உருவங்கள். காணாதவர்க்கு ஒன்றுகூட இல்லை.

இக்கலையில் உலகம் போற்றும் ஆசான் அகிரா யோசிசாவா. 1911இல் பிறந்து 2005இல் மறைந்த இவர், அம்புக்குறிகளாலும் கோடுகளாலும் மடிப்பு முறையை எழுதிக்காட்டும் வழியை வகுத்தவர். தாளைச் சிறிது ஈரப்படுத்தி மடித்து விலங்குகளின் உடலுக்கு உயிர்ப்புள்ள வளைவுகளைத் தந்தவரும் இவரே. அவர் செய்த உருவங்களை நாம் அப்படியே திரும்பச் செய்வதால் மட்டும் அவரிடம் கற்றவர்கள் ஆகமாட்டோம். அவர் தம் சுற்றுப்புறத்தை நோக்கியவாறு நாம் நம் சுற்றுப்புறத்தை நோக்கினால்தான் அவரிடம் கற்றவர்கள் ஆவோம்.

கண்ணால் கண்டது எங்கே தங்குகின்றது? நினைவில் தங்குகின்றது. இளமையில் ஊன்றிக் கண்டது முதுமைவரை அழிவதில்லை. இதற்கு இரண்டு சான்றுகள் கூறுகின்றேன்.

இங்கிலாந்தில் மேரி டெலானி என்னும் அம்மையார் இருந்தார். 1700இல் பிறந்தவர். 1772இல், தம் 72ஆம் வயதில், ஒரு பூவின் இதழும் தம் மேசைமேல் கிடந்த சிவந்த காகிதத் துண்டும் ஒரே நிறமாக இருப்பதைக் கண்டார். அக்காகிதத்தை இதழ்களாக வெட்டத் தொடங்கினார். கரிய தாளின்மீது, நூற்றுக்கணக்கான நுண்ணிய துண்டுகளை ஒட்டி ஒவ்வொரு செடியையும் உருவாக்கினார். கண் மங்கும்வரை பத்தாண்டுகள் உழைத்து ஏறத்தாழ ஆயிரம் மலர்களைச் செய்து முடித்தார். அவை இன்றும் இலண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. மகரந்தத் தாள்களின் எண்ணிக்கைகூடத் தவறாதபடி செய்தவர் என்று தாவர நூலார் அவரைப் பாராட்டுவர்.

மற்றொருவர் நம் நாட்டவர். வங்கத்தில் 1904இல் பிறந்து சாந்திநிகேதனத்தில் பயின்று அங்கேயே ஆசிரியராக விளங்கிய ஓவியர் வினோத் பிகாரி முகர்ஜி. பிறவியிலேயே பார்வை குறைந்தவர். 1950களின் பிற்பகுதியில், கண் சிகிச்சைக்குப் பிறகு, இருந்த பார்வையும் முற்றிலும் போயிற்று. ஓவியருக்கு இதைவிடப் பெரிய இடர் யாதிருக்க முடியும்? அவர் கலையை விடவில்லை. வண்ணத் தாள்களை விரலால் தடவி வெட்டி ஒட்டி மனித உருவங்களைச் செய்தார். அவருடைய மாணவரான சத்தியஜித் ராய் 1972இல் அவரைப் பற்றி அகக்கண் என்னும் பொருள்படும் பெயரில் ஒரு குறும்படம் எடுத்தார். புறக்கண் இருந்தபொழுது ஊன்றிப் பார்த்ததனால் அன்றோ, அது போனபின் அகக்கண் உதவிற்று?

தஞ்சை வளநாட்டில் பிறந்தவர்க்கு இத்தகைய நினைவுச் செல்வம் நிரம்ப உண்டு. ஆடிப்பெருக்கன்று சிறுவர் இழுத்துச் செல்லும் சப்பரத்தை எண்ணிப் பாருங்கள். மரச்சட்டத்தில் சிறு சக்கரம் பூட்டி, வண்ணத் தாள் ஒட்டி, படம் வைத்துத் தெருவெல்லாம் இழுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குச் செல்வர். அது தேரின் சிறுவடிவம். தாளால் அழகுபெறும் தேர். தஞ்சையின் தலையாட்டிப் பொம்மையும் காகிதக் கூழும் களிமண்ணும் சேர்ந்து உருவாவதே. அடியில் கனமும் மேலே இலேசும் வைத்த அமைப்பினால், எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும்.

எனக்கு இன்றும் மறவாத காட்சி, வறண்ட வாய்க்காலில் ஆண்டின் முதல் தண்ணீர் வருவது. தண்ணீர் தெளிந்து வருவதில்லை. நுரையையும் சருகையும் வைக்கோல் துரும்பையும் தனக்கு முன்னே தள்ளிக்கொண்டு, வெடித்த மண்ணில் ஒவ்வொரு பிளவாக நிரப்பிக்கொண்டு, மெல்ல நடந்து வரும். சிறுவர் நாங்கள் அதற்கு முன்னே பின்னடி வைத்து நடப்போம். எறும்புகள் கரையேறி ஓடும். ஒரு நாழிகைக்குப் பின்னரே கப்பல் விடும் அளவிற்குத் தண்ணீர் ஏறும். பல ஆண்டுகளுக்குப் பின் அக்காட்சியைக் காகிதத்தில் செய்ய முற்பட்டபொழுது, கத்தரிக்கோல் உதவவில்லை. கத்தரித்த ஓரம் மிகவும் நேர்த்தியாக இருந்தது; வரும் தண்ணீரின் விளிம்பு அப்படியிராது. கையால் நாரோட்டத்திற்கு எதிராகக் கிழித்த பழுப்புத் தாளின் ஓரம், நார் பிதுங்கி வெளுத்து, நுரை தள்ளி வரும் நீரை அப்படியே காட்டிற்று. எதை வெட்ட வேண்டும், எதைக் கிழிக்க வேண்டும் என்பதை நினைவே முடிவு செய்கின்றது.

இக்கலைக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பழைய நாட்காட்டி, திருமண அழைப்பிதழ், இனிப்புப் பெட்டியின் அட்டை, துணிக்கடைப் பை ஆகியவை போதும். ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கையும் உதவும். மைதாப் பசையையும் காய்ச்சித் தடவலாம். நெல்லின் நிறங்களை மட்டும் ஒரு திங்கள் தேடிப் பாருங்கள். நாற்றங்காலின் கிளிப்பச்சை வேறு. நட்டுத் தேறிய பயிரின் கரும்பச்சை வேறு. கதிர் முற்றும்பொழுது மேலே பொன்னும் கீழே பச்சையுமாக நிற்கும் நிறம் வேறு. அறுத்தபின் எஞ்சும் அடித்தாளின் மங்கிய நிறம் வேறு. இந்நான்கையும் பழந்தாள்களிலிருந்து பொறுக்கி ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினால், ஒரு போகத்தின் வரலாறே ஓர் அட்டையில் அடங்கிவிடும்.

இது பொழுதுபோக்குத்தானே என்று சிலர் கேட்கக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. நாம் காணும் காட்சிகள் நிலையாக நிற்பவை அல்ல. 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியலில் வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டை வட்டாரங்களில் இலட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. முதல் நாள் வரை சிறுவர் ஓலை கிழித்து விளையாடிய தோப்புகள் மறுநாள் இல்லை. புயல் ஒரே இரவில் செய்ததை, குளம் தூர்வதும் ஏரி சுருங்குவதும் ஓசையின்றிப் பல ஆண்டுகளில் செய்கின்றன. நீர்நிலை இல்லையேல் நெட்டி இல்லை. நெட்டி இல்லையேல் தஞ்சையின் அக்கலை இல்லை. பொங்கல் மாலையும் பிளாஸ்டிக் மாலையாகிவிடும். நெட்டிக் கலைஞருக்குக் குறியீட்டை வழங்கலாம். குளத்தை யார் வழங்குவது? குளத்தைப் பார்த்தறிந்தவரே குளம் குறைவதை அறிவர். பாராதவர்க்கு இழப்பும் தெரிவதில்லை.

தஞ்சையில் பார்த்தலுக்கு நெடிய மரபு உண்டு. 1798 முதல் 1832 வரை அரசு வீற்றிருந்த இரண்டாம் சரபோசி மன்னர், கண்நோயாளிகளின் கண்களை நோயின் அடையாளங்களோடு தாளில் தீட்டுவித்து, சிகிச்சைக் குறிப்புகளையும் எழுதி வைக்கச் செய்தார்; பறவைகளையும் விலங்குகளையும் ஓவியமாக்குவித்தார். ஓலைச் சுவடிகளும் காகிதச் சுவடிகளும் பல்லாயிரம் சேர்ந்த சரசுவதி மகால் நூலகம் அவர் பேணி வளர்த்த செல்வம். கண்டதைத் தாளில் நிறுத்தி வருங்காலத்திற்கு விட்டுச் செல்வது இந்நாட்டிற்குப் புதிதன்று.

ஆகவே மாணவர்களே, உங்களிடம் ஒரு சிறு பணியை ஒப்படைக்கின்றேன். உங்கள் ஊரில் ஒரு குளத்தையோ வாய்க்காலையோ வயல்வரப்பையோ தேர்ந்துகொள்ளுங்கள். நகரத்தில் வாழ்பவராயின் ஒரு மரம் போதும். திங்களுக்கு ஒரு முறை அங்கே சென்று அரை மணி நேரம் இருங்கள். அங்கே கண்ட ஓர் உயிரையோ ஓர் இலையையோ வீடு திரும்பியபின், படத்தைப் பாராமல், நினைவைக் கொண்டே தாளில் செய்யுங்கள். எந்த இடத்தில் கை தயங்குகின்றதோ, அந்த இடத்தை நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று பொருள். அடுத்த திங்கள் சென்று அதை மட்டும் பார்த்து வாருங்கள். ஓராண்டில் 12 தாள்கள் சேரும். அவற்றின் பின்புறத்தில் நாளையும் இடத்தையும் எழுதி வையுங்கள். ஆண்டுகள் கழிந்தபின் அந்த 12 தாள்களே உங்கள் ஊரின் வரலாற்றில் வேறெவரும் எழுதாத ஒரு பகுதியாக நிற்கும்.